ராத்திரிக் கடையில் நாற்காலி கிடையாது

"ராத்திரியில யாரு அண்ணி கடைக்கு வரப்போறா? ஏசியில உக்காந்து போன் பாக்குறதுக்குச் சம்பளம் குடுக்குறாங்களா?"

என் நாத்தனார் தீபாவளிக்குத் தீபாவளி தவறாமல் கேட்கும் கேள்வி இது. முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்பாள். முதலில், உட்கார எங்கே இருக்கிறது நாற்காலி? சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்தில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் பேரங்காடி அது. சில வாரம் எனக்கு இரவு பத்திலிருந்து காலை ஏழு வரை, சில வாரம் விடிகாலை ஆறு மணிக்கே ஆரம்பம். இரண்டிலும் உட்காரக் கிடைக்கும் ஒரே இடம், இன்னும் பிரிக்காத அரிசி மூட்டை.

பகலில் ஆட்கள் நடக்க வழி வேண்டும் என்பதால் சரக்கெல்லாம் ராத்திரிதான் உள்ளே வரும். பேலட் பேலட்டாக எண்ணெய், சோயா சாஸ், டாய்லெட் பேப்பர், பூனை மணல். அதிலும் அந்தப் பூனை மணல், வீட்டுப் பூனை கழிக்கும் மணல் மூட்டை, இருக்கிறதே! வீவக என்கிற வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பரில்தான் அனுமதி வந்தது. அதற்கு முன்னாலும் எல்லோரும் வளர்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இப்போது மூட்டையை ஒளித்து மறைக்காமல் தோளில் போட்டுக்கொண்டு போகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அலமாரியில் ஏற்றி அடுக்கும் என் இடுப்புக்குச் சட்டம் மாறியதெல்லாம் தெரியாது.

அப்புறம் பால். பழைய தேதி முன்னால், புதுத் தேதி பின்னால். இதுதான் எங்கள் வேதம். குளிர் அலமாரிக்கு முன்னால் மண்டியிட்டு, விரல் மரத்துப்போக ஒவ்வோர் அட்டைப்பெட்டியாகத் தேதி பார்த்து அடுக்குவேன். காலையில் வருகிற முதல் ஆன்ட்டி தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டு, கடைசி வரிசையிலிருந்து ஒன்றை உருவி எடுப்பார். எடுக்கும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. தேதி நெருங்கிய சாமான்களுக்கு விலைக்குறைப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதும் ராத்திரி ஆளின் வேலைதான். மஞ்சள் ஸ்டிக்கர். அதற்கென்றே நள்ளிரவில் ரொட்டிப் பக்கமாக உலா வருகிறவர்கள் உண்டு. நான் ஒட்டி முடிக்கிறவரை முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

யாருமே இல்லாத நேரத்திலும் பாட்டு மட்டும் நிற்காது. சீனப் புத்தாண்டு நெருங்கினால் கேட்கவே வேண்டாம், மேளமும் தாளமுமாக அதே நாலைந்து பாட்டு விடிய விடிய. சத்தத்தைக் குறைக்கும் பொத்தான் மேலாளரின் பூட்டிய அறைக்குள். அவர் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். பொருள் தெரியாமலே எனக்கு அத்தனை பாட்டும் மனப்பாடம். போன தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து ஓரகத்தி பால்குடம் எடுத்தாள், நான் கூடவே நடந்தேன். பாதி வழியில் என் கணவர் கையைக் கிள்ளினார். இரண்டு அரோகராவுக்கு நடுவில் என் வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது கடைப் பாட்டாம். முருகன் பன்மொழிப் புலவர், கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நடையைக் கட்டினேன்.

பத்தரை மணிக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. இரவு 10.30க்கு மேல் காலை 7 மணி வரை கடைகளில் மது விற்கக் கூடாது. 2015 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சிங்கப்பூரில் இதுதான் சட்டம். நேரம் வந்ததும் பியர் அலமாரிக்குத் திரை போட்டுவிடுவோம். திரைக்கு முன்பே எடுத்துவிட்டால்கூடப் பயனில்லை, பத்தரை தாண்டினால் எங்கள் கல்லா இயந்திரம் பியரை ஏற்காது.

ஒரு நாள் 10.26க்கு எதிர் புளோக் அண்ணன் ஒருவர் அரைக்கால் சட்டையும் சிலிப்பருமாக ஓடி வந்தார். இரண்டு டின் எடுத்தவர் நேராகக் கல்லாவுக்கு வந்திருக்கலாம். வேர்க்கடலை எடுக்கப் போனார். உப்பா, காரமா என்று அங்கே ஓர் ஆராய்ச்சி. கல்லாவுக்கு வந்தபோது 10.28. முன்னால் ஒரே ஒரு சீனப் பாட்டி, கையில் ஒரே ஒரு நூடுல்ஸ் பாக்கெட். பாட்டி பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து, ஐந்து காசு நாணயங்களாக எடுத்து வரிசையாக அடுக்க ஆரம்பித்தார்.

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். பாட்டியைப் பார்த்தார். பத்து வெள்ளி (டாலர்) நோட்டை நீட்டி, "ஆன்ட்டி, நான் குடுத்துடுறேன், நீங்க போங்க" என்று ஆங்கிலத்தில் கெஞ்சினார். பாட்டிக்கு முதலில் கோபம். பிறகு முகம் மலர்ந்தது. டப்பாவை நிதானமாக மூடினார். "அப்படியா? அப்போ இன்னொரு பாக்கெட் எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மெதுவாக நூடுல்ஸ் வரிசையை நோக்கி நடந்தார்.

"தங்கச்சி, என்னோடதை முதல்ல போட்டுடேன்!"

"பாட்டியோட பில்லு திறந்திருக்குண்ணே, மூடுனாத்தான் அடுத்தது."

பாட்டி இறால் சுவைக்கும் கோழிச் சுவைக்கும் இடையே முடிவெடுத்துத் திரும்பி வந்தபோது 10.31. டின்னைக் காட்டினேன். இயந்திரம் ஒரு சிவப்பு எழுத்தைப் போட்டுக் கூவியது.

"ஒரு நிமிஷம்தானே? மெஷினுக்கு மனசாட்சியே இல்லையா?"

"அதுகிட்ட நானும் கேட்டுப் பாத்துட்டேன்ணே."

அவருடைய முகத்தைப் பார்த்துப் பாட்டிக்கே மனசு இளகிவிட்டது. அவர் காசில் வாங்கிய இரண்டு பாக்கெட்டில் ஒன்றை அவர் கையிலேயே வைத்து, தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். "பரவால்ல, காலைல ஏழு மணிக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்று சூளுரைத்தவர், சொன்னபடி ஏழு மணிக்கு வரவும் வந்தார். ரொட்டி வாங்கிக்கொண்டு போனார். பக்கத்தில் அவர் மனைவி.

நள்ளிரவுக்கு மேல் வருகிறவர்கள் பெரும்பாலும் பேசவே மாட்டார்கள். டாக்சி ஓட்டுநர், வேலை முடிந்த தாதி, தூக்கம் வராத தாத்தா. மூன்று மணிக்கு ஒரு புது அப்பா கைலியோடு வந்து டயப்பர் அலமாரி முன்னால் திகைத்து நிற்பார், காதில் போன், போனில் மனைவி. "எந்த சைஸ்னு பிள்ளைய எடைபோட்டுச் சொல்லு" என்று ஒருவர் சொன்னதை நானே காதால் கேட்டிருக்கிறேன். மறுமுனையில் வந்த பதிலை இங்கே எழுத முடியாது.

விடிகாலை வேலைதான் சத்தமான வேலை. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து கீரை வந்து இறங்கும்போதே வாசலில் பாட்டிகள் படை நிற்கும். வெளியே கும்மிருட்டு. இங்கே ஏழு மணிக்குத்தானே விடியும்? 1982 பிறந்தபோது கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவைத்துவிட்டார்கள், அதனால்தான் இந்தக் கூத்து என்பார் என் மாமியார். இன்றைக்கும் அந்த அரை மணித் தூக்கத்தை அரசாங்கம் தனக்குத் தரவேண்டிய பாக்கியாகவே பேசுவார்.

சாமான் வாங்க அரசாங்கம் தரும் பற்றுச்சீட்டு (வவுச்சர்) வந்த காலத்தில் கல்லாவில் நிற்க வேண்டும், அது தனி அனுபவம். 2025 ஜனவரியில் வீட்டுக்கு வீடு 300 வெள்ளி சிடிசி (சமூக மேம்பாட்டு மன்ற) பற்றுச்சீட்டு வந்தது, அதில் பாதி பேரங்காடிக்கு. போனில்தான் வரும். 2, 5, 10 வெள்ளியாகத் தேர்ந்தெடுத்துக் காட்ட வேண்டும், மீதிக் காசு கிடையாது. தமிழ்ப் பாட்டி ஒருவர் தூங்கும் பேரனின் போனையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சாமான் 11 வெள்ளி 80 காசு. பத்தும் இரண்டும் தட்டச் சொன்னேன்.

"மிச்சம் இருபது காசு?"

"அது திரும்ப வராது பாட்டி."

"அரசாங்கம் எனக்குக் குடுத்த காசு, கடைக்காரன் எதுக்கு எடுக்கணும்?"

பின்னால் வரிசை ரொட்டி அலமாரிவரை போய்விட்டது. இருபது காசுக்கு எங்கள் கடையில் எந்தச் சாமானும் இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பாட்டி கல்லா மேசையை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தப் பிளாஸ்டிக் பை என்ன விலை?"

"அஞ்சு காசு பாட்டி." 2023 ஜூலையிலிருந்து பெரிய பேரங்காடிகளில் பைக்குக் காசு.

"நாலு குடு."

சாமான்களைத் தான் கொண்டுவந்த துணிப்பையில் போட்டார். நான்கு பிளாஸ்டிக் பைகளையும் முக்கோணமாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வரிசையில் நின்ற இரண்டு ஆன்ட்டிகள் உடனே தங்கள் கூடையைப் பார்த்து மனக்கணக்குப் போட ஆரம்பித்தார்கள்.

வீட்டுக்கு வந்து குளித்து, இரண்டு இட்லியைப் போட்டுக்கொண்டு, திரைச்சீலையை இழுத்துப் படுக்கும்போது மணி ஒன்பது ஆகும். வீவக விதிப்படி உடைப்பது, துளைபோடுவது போன்ற சத்தமான புதுப்பிப்பு வேலைகளை வாரநாளில் ஒன்பதிலிருந்து ஐந்து வரை செய்யலாம். எங்கள் மேல்வீட்டைப் புதுப்பிக்கும் காண்ட்ராக்டர் விதியை மதிக்கும் மனிதர். ஒன்பது என்றால் ஒன்பது. துளைபோடும் இயந்திரம் சற்று ஓய்ந்தால், "தூங்குறியா?" என்று கேட்டு எழுப்ப ஊரிலிருந்து அம்மா.

மேல்வீட்டுத் தம்பதி நல்ல பிள்ளைகள், அதைச் சொல்லத்தான் வேண்டும். வேலை தொடங்குவதற்கு முன்பே வந்து, தொந்தரவுக்கு மன்னிக்கணும் ஆன்ட்டி, பகல்ல நீங்களும் வேலைக்குப் போயிடுவீங்கன்னு நினைக்கிறோம் என்று சொல்லி ஒரு பிஸ்கட் டப்பாவைக் கையில் கொடுத்தார்கள். உள்ளே வந்து திருப்பிப் பார்த்தேன். அடியில் பாதி உரித்தும் உரியாமலும் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது. எங்கள் கடையில் அப்படிக் கோணலாக ஒட்டுகிற ஆள் நான் ஒருத்திதான். தேதி பார்த்தேன், இன்னும் நாலு நாள் பாக்கி இருந்தது. டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டேன்.