கிளட்ச் மாற்றும்போது எடை குறைந்த ஃப்ளைவீல் போடலாமா?

கிளட்ச் மாற்றும் வேலையில் கூலியின் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்கே போய்விடுகிறது. கியர்பாக்ஸ் கீழே வந்து, பிரஷர் பிளேட்டும் கிளட்ச் டிஸ்க்கும் கழன்ற பிறகு, இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். அதை கிராங்க் ஷாஃப்ட்டோடு பிணைத்திருக்கும் சில போல்ட்டுகளை மட்டும் கழற்றினால் போதும். இத்தனை தூரம் பிரித்தாயிற்று, இதற்குப் பதில் எடை குறைந்த ஒன்றைப் போட்டால் என்ன என்ற ஆசை கார்ப் பிரியர்கள் எல்லோருக்கும் அந்த நேரத்தில்தான் வரும். தினமும் ஓட்டும் காராக இருந்தால் போடலாம் என்பதே என் கருத்து. ஆனால் கிடைப்பதிலேயே லேசானதைத் தேடிப் போகாமல், எடை மிதமாகக் குறைக்கப்பட்ட எஃகு ஃப்ளைவீலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றினால்தான் ஒரு சிலிண்டரில் ஒருமுறை எரிபொருள் எரியும். நான்கு சிலிண்டர் இன்ஜின் என்றால் 180 டிகிரிக்கு ஒரு முறை உந்துதல் கிடைக்கிறது. இரண்டு உந்துதல்களுக்கு நடுவே, அடுத்த சிலிண்டரில் காற்றை அழுத்துவதற்காக இன்ஜின் தன் வேகத்தையே செலவழிக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வதுதான் ஃப்ளைவீலின் வேலை. குயவரின் சக்கரம் ஒருமுறை சுழற்றிவிட்டபின் கைபடாமலே நெடுநேரம் சுழல்வதைப் போல, அது உந்துதலின்போது ஆற்றலை வாங்கி வைத்துக்கொண்டு இடைவெளியில் திருப்பிக் கொடுக்கிறது. எடையைக் குறைத்தால் இன்ஜின் வேகம் சட்டென ஏறும், அதே அளவு சட்டென இறங்கும். ஏறுவதை மட்டும் பெற்றுக்கொண்டு இறங்குவதை வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

இதில் கிடைக்கும் லாபம் எவ்வளவு என்பதை ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடலாம். மையத்திலிருந்து 12 செ.மீ. தள்ளி 3 கிலோ குறைத்திருப்பதாகவும், முதல் கியர் விகிதத்தையும் ஃபைனல் டிரைவ் விகிதத்தையும் பெருக்கினால் 14 வருவதாகவும், டயரின் ஆரம் 30 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். 12-ஐ 14-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்தால் 5.6 வரும், அதன் வர்க்கத்தை 3 கிலோவால் பெருக்கினால் ஏறக்குறைய 94 கிலோ. அதாவது முதல் கியரில் வேகம் எடுக்கும்போது, காரிலிருந்து 94 கிலோவை இறக்கி வைத்ததற்குச் சமமான பலன் கிடைக்கிறது. இரண்டாம் கியரில் மொத்த விகிதம் 8 என்றால் அது 31 கிலோவாகச் சுருங்கிவிடுகிறது. ஐந்தாம் கியரில் 3.2 என்றால் வெறும் 5 கிலோதான். நெடுஞ்சாலையில் டாப் கியரில் ஓவர்டேக் செய்யும்போது வித்தியாசம் தெரிகிறது என்று யாராவது சொன்னால், அது செலவழித்த பணம் பேசுகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் கியரிலும் கிளட்ச் முழுமையாகப் பிடித்த பிறகுதான் இந்தக் கணக்கு செல்லும். அதற்குள் அடுத்த கியருக்குப் போகும் நேரம் வந்துவிடுகிறது.

இன்ஜினின் குதிரைத்திறன் இதனால் கூடுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கார்ச் சக்கரத்தால் ஓர் உருளையை முடுக்கி இன்ஜின் திறனை அளக்கும் டைனோ கருவியில் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். இன்ஜின் தன்னையே முடுக்கிக்கொள்ளச் செலவிட்டதில் ஒரு பகுதி மிச்சமாகி உருளைக்குப் போய்ச் சேர்வதுதான் அதற்குக் காரணம். ஒரே வேகத்தில் நிறுத்தி அளந்தால் அந்தக் கூடுதல் காணாமல் போய்விடும்.

விளம்பரங்களில் "இத்தனை கிலோ மட்டுமே" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். ஆனால் எடை எங்கே குறைந்திருக்கிறது என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. சுழலும் பொருளில் கணக்கில் வருவது நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழலும் வேகம் மாறுவதை அந்தப் பொருள் எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு; அது தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மையத்திலிருந்து 13 செ.மீ. தூரத்தில் எடுக்கும் ஒரு கிலோ, 5 செ.மீ. தூரத்தில் எடுக்கும் ஒரு கிலோவைவிட ஏறக்குறைய 7 மடங்கு பலன் தரும். நடுப்பகுதியில் அழகழகாகத் துளையிட்டு, விளிம்பைத் தடிமனாகவே விட்டுவைத்த ஃப்ளைவீல் தராசில்தான் லேசாக இருக்கும். அதனால் தயாரிப்பாளர் நிலைமத் திருப்புத்திறனைத் தந்திருந்தால் அதை ஒப்பிடுங்கள். தரவில்லை என்றால் விளிம்பின் தடிமனையாவது பாருங்கள்.

இனி இழப்பின் பக்கம். நெரிசலில் ஊர்ந்து போகும்போதும், மேட்டில் நிறுத்தி எடுக்கும்போதும், பழைய ஃப்ளைவீல் தன்னிடம் சேர்த்து வைத்திருந்த ஆற்றலைக் கொடுத்து உங்கள் கால் செய்யும் சிறு பிசகுகளை மறைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சேமிப்பு குறைந்தபின் ஆக்சிலரேட்டரைச் சற்று அதிகமாக அழுத்தி, கிளட்ச்சை நிதானமாக விட வேண்டியிருக்கும். அப்படிச் செய்தால் கிளட்ச் அதிக நேரம் வழுக்கும், சூடு கூடும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டிய உலோகமும் இப்போது குறைவு. மலைப்பாதையிலோ சுமை இழுத்தோ ஓடும் காருக்கு நான் இதைப் பரிந்துரைக்காததற்கு முதல் காரணம் இதுதான். இதைத் தவிர, ஐட்லிங்கில் ஏசி கம்ப்ரசர் இயங்கத் தொடங்கும் நொடியில் இன்ஜின் ஒருமுறை தடுமாறித் தேறும். கிராங்க் ஷாஃப்ட்டின் வேகம் நுணுக்கமாக ஏறி இறங்குவதை வைத்தே, சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போகும் மிஸ்ஃபயரைக் கண்டுபிடிக்கும் கார்களில், எந்தக் கோளாறும் இல்லாமலே இன்ஜின் விளக்கு எரிந்து, மிஸ்ஃபயரைக் குறிக்கும் பி0300 கோடு பதிவாவதும் உண்டு.

கியர் மாற்றும் பழக்கமும் மாறியாக வேண்டும். நிதானமாக மேல் கியருக்கு மாற்றுபவர் கிளட்ச்சை விடுவதற்குள் இன்ஜின் வேகம் தேவைக்குக் கீழே போய்விடும், கார் ஒரு குலுக்கு குலுக்கும். வேகமாக மாற்றுபவருக்கும், கீழ் கியருக்கு வரும்போது ஆக்சிலரேட்டரைத் தட்டி வேகத்தை ஒத்திசைப்பவருக்கும் இதுவே இன்பம். இதனால், கியர் மாறும்போது பற்களின் வேகத்தை ஒத்திசைக்கும் வளையமான சிங்க்ரோவின் ஆயுள் கூடும் என்று சிலர் சொல்வது மட்டும் சரியல்ல. கிளட்ச்சை மிதித்தபின் கியர்பாக்ஸோடு சேர்ந்து சுற்றுவது டிஸ்க்தான். சிங்க்ரோவின் சுமையைத் தீர்மானிப்பதும் அந்த டிஸ்க்கின் எடைதான். ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும் இன்ஜின் பக்கத்தைச் சேர்ந்தவை.

எந்த உலோகம் என்ற கேள்வியில் எனக்குத் தயக்கமில்லை. அலுமினிய ஃப்ளைவீலில் உராய்வுக்கென்று தனியாக ஓர் எஃகுத் தகடு பொருத்தியிருப்பார்கள். அலுமினியம் சூட்டில் எஃகைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும் என்பதால், அந்தத் தகட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தரம் முக்கியமாகிறது. பந்தயக் காருக்கு அது பொருந்தும். தெருவில் ஓடும் காருக்கு ஒரே துண்டாகக் கடைந்த எஃகு போதும். கம்பெனி எடையிலிருந்து கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தால் அதுவே தாராளம்.

"புதிது எதற்கு, பழையதையே லேத்தில் கொடுத்து இரண்டு கிலோ வழித்துவிடலாம்" என்று சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கம்பெனியிலிருந்து வரும் ஃப்ளைவீல்களில் பெரும்பாலானவை வார்ப்பிரும்பு. அது அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவிசையைத் தாங்காது. 14 செ.மீ. ஆரமுள்ள ஃப்ளைவீல் 7,000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு சுமார் 369 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. கண்டபடி வழித்த வார்ப்பிரும்பு அந்த வேகத்தில் வெடித்தால் துண்டுகள் கிளட்ச் ஹவுசிங்கோடு நிற்காது, காருக்குள் இருப்பவர்களின் கால்வரை வரும். இந்த ஆபத்து தெரிந்ததால்தான் அமெரிக்கப் பந்தயங்களுக்கு எஸ்எஃப்ஐ 1.1 என்ற தரச்சான்று ஏற்பட்டது. தெருக் காருக்கு அந்தச் சான்று கட்டாயமில்லை என்றாலும், அது உள்ள பொருளைத்தான் வாங்குவேன்.

உங்கள் காரில் இருப்பது டூயல் மாஸ் ஃப்ளைவீல் என்றால் யோசனையே வேறு. அதில் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் வில்போல் வளைந்த சுருள் ஸ்பிரிங்குகள், இன்ஜினின் துடிப்பு கியர்பாக்ஸுக்குப் போகாமல் விழுங்கிக்கொள்கின்றன. அதை எடுத்துவிட்டு ஒற்றைச் சக்கரம் போட்டால் ஸ்பிரிங் உள்ள டிஸ்க் கட்டாயம் வேண்டும். அப்படிப் போட்டாலும் நியூட்ரலில் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்ததும் கடகடவென்று பற்கள் தட்டும் ஓசை கேட்கும். டீசல் இன்ஜினில் இது இன்னும் மோசம். கிளட்ச்சை மிதித்தால் ஓசை நின்றுவிடுவதை வைத்து அதை அடையாளம் காணலாம்.

வாங்கிய பொருளைப் பழையதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் ஏற்றவே கூடாது. ஸ்டார்ட்டர் மோட்டார் கடித்துச் சுழற்றும் ரிங் கியரின் பற்கள் எண்ணிக்கையிலும் உயரத்திலும் ஒத்துப்போக வேண்டும். கிராங்க் சென்சார் படிக்கும் பற்கள் ஃப்ளைவீலிலேயே இருக்கும் கார்களில் அவை புதியதிலும் அப்படியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டார்ட்டே ஆகாது. சில அமெரிக்க வி8 இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் சமநிலைக்கான எடையை ஃப்ளைவீலிலேயே வைத்திருப்பார்கள். அங்கே சமச்சீரான ஒன்றைப் பொருத்தினால் இன்ஜின் அதிர்ந்தே பேரிங்கைத் தின்றுவிடும். பழையதன் முகத்தையும் ஒருமுறை கூர்ந்து பாருங்கள்: நீலம் பாய்ந்த திட்டுகளும் மயிரிழை போன்ற வெடிப்புகளும் வட்டமாகப் பரவியிருந்தால், கிளட்ச்சை அரைகுறையாக மிதித்தே ஓட்டும் பழக்கம் இருக்கிறது என்று பொருள். அந்தப் பழக்கம் மாறாமல் லேசான ஃப்ளைவீலுக்குப் போவது வீண் செலவு.

ஃப்ளைவீல் கழன்றிருக்கும் இந்த நேரத்தில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீலையும், கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் இருந்தால் அதையும், பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிட வேண்டும். பட்ஜெட்டில் ஏதாவது ஒன்றைத்தான் வைக்க முடியும் என்றால் ஃப்ளைவீலை விட்டுவிட்டு இவற்றை வாங்குங்கள். ஃப்ளைவீல் போல்ட்டுகள் ஒருமுறை மட்டும் இறுக்கத்தக்கவையாக இருந்தால் புதியதே போட்டு, சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க் அளவில், எதிரெதிராக, படிப்படியாக இறுக்க வேண்டும். புதிய ஃப்ளைவீலின் முகத்தில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் சுத்தமாகத் துடைத்த பிறகே டிஸ்க்கை வைக்க வேண்டும். அந்தப் பூச்சு மிச்சமிருந்தால் முதல் நாளே கிளட்ச் உதறும். பிறகு முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முழு ஆக்சிலரேட்டரில் கிளம்பாமல் ஓட்டினால் டிஸ்க்கும் ஃப்ளைவீலும் ஒன்றோடொன்று சீராகப் படிந்துவிடும்.