கல் வியர்த்த மலை

வீட்டில் ஒருவர் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டால் தாய்மார்கள் உடனே வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வார்கள். ஆரோக்கிய மாதா கைவிடமாட்டாள், சரிதான். ஆனால் விசுவாசம் தளர்ந்தவருக்காக மன்றாட, அந்தத் தளர்ச்சியை அனுபவித்தே அறிந்த அப்போஸ்தலர், இயேசுவின் பன்னிரு சீடரில் ஒருவர், சென்னையிலேயே இருக்கிறார். உயிர்த்த இயேசுவின் காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று பிடிவாதம் பிடித்த தோமையார். சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம் மூன்றையும் ஒரே நாளில் தரிசித்துவிடலாம். இந்த வரிசையிலேயே போங்கள்.

நாள் பார்ப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஜூலை 3 தோமையார் திருநாள், டிசம்பர் 18 மலையின் திருநாள், தவக்கால வெள்ளி எல்லாமே புண்ணிய நாட்கள்தான். அன்று படியில் கால்வைக்க இடமிருக்காது. முழங்காலிட்டால் பின்னால் வருபவர் முதுகில் இடிப்பார். பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, அடுத்த ஞாயிறு தோமையாரின் நற்செய்தி வாசிக்கும் நாள், மனசுக்கு இழுக்கும். ஆனால் ஏப்ரல் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வயசானவர்களைப் படுக்கவைத்துவிடும். இந்த நேர்த்திக்குத் தவக்காலம் தவிர்த்த சாதாரண வாரநாள் போதும். முந்தின வாரமே உங்கள் பங்குக் கோயிலில் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுங்கள். அங்கே போய்ச் செய்துகொள்ளலாம் என்று தள்ளிவைத்தவர்கள் பாதிப்பேர் செய்யாமலே திரும்புகிறார்கள். "இன்று அவர் குரலைக் கேட்பீர்களானால், இருதயத்தைக் கடினப்படுத்தாதீர்கள்" என்கிற 95ஆம் சங்கீதத்தில் அழுத்தமெல்லாம் அந்த "இன்று" மேல்தான். இருதயம் கடினப்படுவது பெரிய மறுதலிப்பில் தொடங்குவதில்லை, அடுத்த வாரம் பார்ப்போம் என்பதில்தான்.

ஆறரைக்குள் சின்னமலையில் இருந்தால் நல்லது. மெட்ரோவில் அதே பெயரில் நிலையம் உண்டு. தோமையார் ஒளிந்திருந்ததாக நம் முன்னோர் சொன்ன குகைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். "வணங்காக் கழுத்துள்ள மக்கள்" என்று ஆண்டவர் இஸ்ராயேலரைக் கடிந்துகொண்டது நினைவுக்கு வராமல் போகாது. நிமிர்ந்தே போக நினைத்தால் பாறை நெற்றியில் இடித்துப் பாடம் சொல்லும். பிறகு பாறைச் சுனைக்குப் போங்கள். தாகத்தோடு வந்த மக்களுக்காகத் தோமையார் பாறையில் தட்டி வரவழைத்த தண்ணீர் என்பது வழிவழி வந்த நம்பிக்கை.

இங்கே யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தை வாசியுங்கள், முதல் ஏழே வசனம். செங்கடல் பிளந்ததைக் கண்டவர்கள், வானத்திலிருந்து வந்த மன்னா உணவைத் தின்றவர்கள், தண்ணீர் இல்லை என்றதும் "ஆண்டவர் நம் நடுவில் இருக்கிறாரா இல்லையா" என்று கேட்டார்கள். மோசே பாறையை அடித்தார், தண்ணீர் வந்தது. அந்த இடத்துக்கு மெரிபா என்று பெயர் விழுந்தது. அதிசயம் பார்த்தால் விசுவாசம் வந்துவிடும் என்று எண்ணுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. முறுமுறுப்புதான் அவர்கள் நோய்.

சின்னமலையிலிருந்து கிண்டி, அடுத்து ஆலந்தூர். அங்கே தடம் மாறினால் அடுத்த நிலையம் பரங்கிமலை. அடிவாரத்தில் ஆட்டோக்காரர்கள் மொய்ப்பார்கள். உச்சி வரை தார்ச்சாலை இருக்கிறது, மூட்டுவலிக்காரர்கள் தாராளமாக வண்டியில் போகலாம், பேரம் பேசிவிட்டு ஏறுங்கள். முடிந்தவர்களுக்குப் படிதான். 1726இல் அர்மேனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான் கட்டிக்கொடுத்தது. அதே ஆண்டு அடையாற்றுக்குக் குறுக்கே சைதாப்பேட்டையில் பாலமும் கட்டினார். எங்கிருந்தோ வந்த மனுசன்!

படி வழியில், ஆண்டவர் சிலுவை சுமந்ததை நினைத்து நின்று ஜெபிக்கும் சிலுவைப்பாதையின் பதினான்கு ஸ்தலங்களும் உண்டு. வெறுங்காலோடு ஏறுவதாக நேர்ந்திருந்தால் ஒன்பது மணிக்குள் உச்சியில் இருக்க வேண்டும். பதினொன்றுக்கு மேல் கருங்கல் கொதிக்கும். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர். மெழுகுதிரியைக் கீழேயே வாங்கச் சொல்லி விரட்டி வருவார்கள். மேலே காற்றில் மெல்லிய திரி நிற்காது, பெருவிரல் தடிமன் இருந்தால் எரியும். மூன்று, ஏழு, ஒன்பதாம் ஸ்தலங்களில் நம் ஆண்டவர் விழுகிறார். விசுவாசத்தில் விழுந்தவருக்கான ஜெபக் கருத்தை அந்த மூன்றில் வையுங்கள். அவரும் கூட வந்திருந்தால் படியில் வைத்து உபதேசம் செய்யாதீர்கள். கூட ஏறினாலே போதும், பையைத் தூக்கச் சொல்லுங்கள்.

கூட அழைத்து வரவேண்டும் என்பதற்குக் காரணம் யோவான் 20இலேயே இருக்கிறது. உயிர்த்த ஆண்டவர் முதல் முறை வந்தபோது தோமையார் மற்றவர்களோடு இல்லை. சந்தேகம் முளைத்தது அந்த வராத நாளில். எட்டு நாள் கழித்து ஆண்டவர் மறுபடி வந்தபோது தோமையாரும் அவர்களோடு இருந்தார். நம்பமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே ஒரு வாரம் அதே வீட்டில் இருந்திருக்கிறார், அவர்களும் வெளியே போ என்று சொல்லவில்லை. மெரிபாக்காரர்கள் ஆண்டவரைச் சோதித்தார்கள். இவர் ஆண்டவரைத்தான் தேடினார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், அதனால்தான் பிள்ளைகளைத் திட்டித் துரத்திவிடுகிறோம்.

மேலே போர்த்துக்கீசியர் கட்டிய சிறிய கோயில். விமான நிலையம் பக்கத்தில். ஜெபத்தின் நடுவில் விமானம் தலைக்கு மேல் உறுமும். பொறுத்துக்கொள்ளுங்கள். பீடத்துக்குப் பின்னால் பதித்திருக்கும் கற்சிலுவையின் முன் நின்றால் எல்லாம் அடங்கிவிடும். 1547இல் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது. கருங்கல்லில் புடைத்தெழுந்த சிலுவை, மேலே இறங்கும் புறா, அடியில் இலைகள், சுற்றிலும் பாரசீகத்துப் பஹ்லவி எழுத்து. 1558 டிசம்பர் 18 அன்று பூசை நேரத்தில் இந்தக் கல் வியர்த்து இரத்தம் கசிந்தது என்றும், 1704 வரை பலமுறை அப்படி நடந்தது என்றும் சாட்சி சொல்லிப்போனார்கள். கல்லான இருதயத்தை எடுத்துவிட்டு சதையான இருதயத்தைத் தருவேன் என்று எசேக்கியேல் வழியாகச் சொன்னவர் அல்லவா! கல்லையே கசியவைத்த சுவாமி, எங்கள் வீட்டுப் பிள்ளையைக் கசியவைக்க உமக்கு எவ்வளவு நேரமாகும்? இங்கே வேறு ஜெபம் வாயில் வராது. செல்போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து நிற்பவர்களைக்கூட அந்த நேரத்தில் மன்னிக்கத் தோன்றும். ஸ்தோத்திரம் சுவாமி, ஸ்தோத்திரம்.

இறங்க மனசிருக்காது. ஆனாலும் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் சாந்தோம். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நேரே பெரிய கோயிலுக்குள் போய்விட்டு அதோடு திரும்புகிறவர்கள் உண்டு; தோமையாரின் கல்லறைச் சிற்றாலயம் நிலவறையில், வழி தனி, கேட்டுக்கொண்டு போங்கள். 1986 பிப்ரவரியில் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் ஜெபித்த தலம் இது. பேச்சுச் சத்தம் இருக்காது. அன்று ஏற்றிய எல்லாக் கருத்துகளையும் பெயர் சொல்லி இங்கே ஒப்படையுங்கள்.

வீடு திரும்பியபின் எட்டு நாள் விடாமல் செய்ய வேண்டியது: காலையில் 95ஆம் சங்கீதம், இரவில் வீட்டில் இருப்பவர்கள் சேர்ந்து ஜெபமாலையில் பத்து மணிகள். எபிரேயர் 3:13 ஒருவருக்கொருவர் நாள்தோறும் புத்தி சொல்லச் சொல்கிறது, வருஷத்துக்கு ஒருமுறை அல்ல. மூன்றாம் நாள் அலுப்பு வரும், நான்காம் நாள் சீரியல் குறுக்கே வரும். விட்டுப்போனால் முதலிலிருந்து எண்ண வேண்டாம், விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். எட்டாம் நாள் பூசைக்கு விசுவாசம் தளர்ந்தவரையும் அழையுங்கள். வந்தால் பக்கத்தில் உட்காருங்கள். குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது மணி அடித்ததும் பழைய ஆட்கள் தலை குனிந்து முணுமுணுப்பார்கள், "என் ஆண்டவரே, என் தேவனே." தோமையார் சொன்ன அதே வார்த்தை. பக்கத்தில் இருப்பவர் காதில் விழுகிற அளவுக்குச் சொல்லுங்கள்.