திரையில் மூன்று கோடு, பேசினால் இருட்டு

படகை நீரில் இறக்குவதற்கு முன் என் கையடக்க வி.எச்.எஃப். செட்டை, அதாவது படகுகள் பேசிக்கொள்ளும் வானொலிக் கருவியை, எடுத்துச் சோதித்தேன். பேட்டரியின் அளவைக் காட்டும் மூன்று கோடுகளும் திரையில் முழுதாக நின்றன. 16ஆம் சேனலில் பிறர் பேசுவதும் தெளிவாகக் கேட்டது. பேச்சுக்குரிய வேறொரு சேனலுக்கு மாறிப் பொத்தானை அழுத்திய நொடியில் திரை இருண்டு செட் அணைந்துபோனது. மீண்டும் இயக்கினால் அதே மூன்று கோடுகள். திறனை 1 வாட்டுக்குக் குறைத்துப் பேசியபோது மட்டும் தாக்குப்பிடித்தது.

செட்டே பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் எண்ணினேன். உண்மையில் குறை பேட்டரியில் இருந்தது. வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும்போது இத்தகைய செட் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. 5 வாட்டில் பேசும்போதோ அது ஏறத்தாழ ஒன்றரை ஆம்பியர் வரை உயர்கிறது. லித்தியம் அயனி பேட்டரிக்கு வயதாகும்போது கொள்ளளவு குறைவதோடு அதன் உள்மின்தடையும் கூடுகிறது. ஆகவே சுமையில்லாத வேளையில் 7.4 வோல்ட்டுக்கு மேல் காட்டும் பேட்டரி, பொத்தானை அழுத்தியதும் செட்டுக்குத் தேவையான அளவுக்கும் கீழே சரிந்துவிடுகிறது. திரையிலுள்ள கோடுகள் பெரும்பாலும் சுமையில்லாத மின்னழுத்தத்தைத்தான் சொல்கின்றன. உச்சத் திறனில் சில விநாடிகள் பேசிப் பார்த்தால்தான் நிலைமை தெரியும். ஆனால் அதற்கு 16ஆம் சேனலைப் பயன்படுத்தக் கூடாது. 156.8 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அந்தச் சேனல் அபாய அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் உரியது.

பேட்டரி இவ்வளவு விரைவில் தளர்ந்ததற்கு நானே காரணம். படகு கரையில் இருந்த மாதங்கள் முழுவதும் செட்டைச் சார்ஜர் தொட்டிலிலேயே வைத்திருந்தேன். லித்தியம் பேட்டரி நிறைந்த நிலையில், அதுவும் வெப்பத்தில், நெடுநாள் கிடந்தால் வேகமாக மூப்படையும். பாதியளவு சார்ஜில், குளிர்ச்சியான இடத்தில் வைப்பதே அதற்கு நல்லது. பழைய வகையான நிக்கல் கேட்மியம் பேட்டரிகளின் காலத்தில் படிந்த பழக்கங்களை நம்மில் பலர் இன்னும் விடவில்லை.

பழைய பேட்டரியைப் பிரித்து உள்ளிருக்கும் செல்களை மட்டும் மாற்றலாம் என்று நண்பர் ஒருவர் யோசனை கூறினார். நான் இசையவில்லை. லித்தியம் பேட்டரிக்குள் மிகைச் சார்ஜையும் குறுக்குச்சுற்றையும் தடுக்கும் சிறு மின்சுற்று ஒன்று உண்டு; பிரிக்கும்போது அது சேதமாகலாம். அதைவிட, ஒட்டி மூடப்பட்ட உறையை ஒருமுறை பிளந்துவிட்டால் நீர்க்காப்பு பழையபடி திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. செட்டின் ஐ.பி.எக்ஸ்.7 என்ற நீர்க்காப்புக் குறியீடு 1 மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. அந்தத் தாங்குதிறன் பெரிதும் மெல்லிய ரப்பர் வளையங்களையே நம்பியிருக்கிறது. புதிய பேட்டரியைப் பொருத்தும் நாளில் வளையத்தைத் துடைத்து, வெடிப்பு உண்டா என்று பார்த்து, சிலிக்கோன் கிரீஸ் சிறிது தடவுவதற்கு ஐந்து நிமிடம் போதும். உப்புப் படிந்த தொடுமுனைகளையும் அப்போதே துடைத்துவிடலாம்.

புதிய செட்டே வாங்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. 5 வாட்டிலிருந்து 6 வாட்டுக்கு மாறுவதற்காக எவரும் பணம் செலவிட வேண்டாம்; அந்த வேறுபாடு 1 டெசிபெல்லுக்கும் குறைவு. வி.எச்.எஃப். அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை; நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் பிடித்த செட்டுக்கு அடிவானம் சுமார் 3 கடல் மைல்தான், அதை வாட்டால் நகர்த்த முடியாது. மாற்றத்துக்குத் தகுதியான காரணம் ஒன்றே என்று எனக்குத் தோன்றியது: ஜி.பி.எஸ்.ஸுடன் கூடிய டி.எஸ்.சி., அதாவது அபாய அழைப்பை எண்முறைச் செய்தியாக அனுப்பும் வசதி. மூடியைத் திறந்து சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தால், படகை அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண்ணும் இருப்பிடமும் 70ஆம் சேனலில் தாமாகவே சென்றுவிடும்; நடுங்கும் குரலில் அட்சரேகையைப் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. தனியாகச் செல்பவருக்கு இது பெரிய உதவி. ஆனால் எண்ணை முறைப்படி பதிவுசெய்து, மிகக் கவனமாக உள்ளிட வேண்டும். பல செட்டுகள் பிறகு அதைத் திருத்த விடுவதில்லை.

நான் பெரும்பாலும் தனியாகவே செல்வதால் டி.எஸ்.சி. செட் ஒன்றை வாங்கி உயிர்காப்பு அங்கியோடு இணைத்துவிட்டேன். பழையதற்கும் தயாரிப்பாளரின் பேட்டரியையே வாங்கிப் பொருத்தி, வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி எடுத்து, 5 வாட்டில் பேசிப் பார்த்தேன். திரை இருளவில்லை. அது இப்போது படகின் அவசரப் பையில், சாதாரண உலர் பேட்டரிகளைப் போட்டுச் செட்டில் பொருத்தும் தட்டு ஒன்றுடன் இருக்கிறது. அந்தத் தட்டைப் பொருத்தினால் என் செட் 1 வாட்டில் மட்டுமே பேசும் என்பதைப் பையின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன்.