இன்வெர்ட்டர் இருந்தும் ரீஸ்டார்ட்: எஸ்எம்பிஎஸ் மாற்றிய அனுபவம் (பாதி வேலை முடிந்தது)

பெங்களூர் அல்சூர் வீட்டில் கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போதெல்லாம் மெஷின் (கம்ப்யூட்டர்தான்) ரீஸ்டார்ட் ஆகிறது என்று ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தேன் அல்லவா, அது ஒருவழியாக நின்றுவிட்டது. புது எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் டப்பா) மாட்டி, பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரில் ரெண்டரை ஓடவிட்டு, மெயின் எம்சிபியை (பிரேக்கர் ஸ்விட்சை) நானே இறக்கிப் பார்த்துவிட்டேன். இன்வெர்ட்டர் ரிலே ‘டக்’ என்றது, ஃபேன் ஒரு கணம் தயங்கியது, ரெண்டர் அதுபாட்டுக்கு ஓடியது. கேபிள் இன்னும் கட்டவில்லை, கேபினட்டின் சைடு பேனல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. எழுதிவிட்டுத்தான் அதெல்லாம்.

மெஷின் பெரிய மெஷினெல்லாம் இல்லை. ப்ராசஸர் ரைசன் 5 5600, கிராஃபிக்ஸ் கார்டு முன்னால் ஜிடிஎக்ஸ் 1650, இப்போது செகண்ட் ஹேண்டில் எடுத்த ஆர்டிஎக்ஸ் 3060. 1650 இருந்தவரைக்கும் எஸ்எம்பிஎஸ் என்று ஒன்று உள்ளே இருப்பதே நினைவில் இல்லை. 3060 வந்தது, ஆட்டம் ஆரம்பம்.

யாரைக் கேட்டாலும் ஒரே மருந்துதான்: “வாட்ஸ் பத்தலடா, 750 போடு.” எனக்கு மட்டும் அது ஒத்துக்கொள்ளவே இல்லை. 3060 இழுப்பது 170 வாட். 5600 சாக்கெட்டில் 76 வாட்டைத் தாண்டாது. போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்தாலும் 300-ஐ ஒட்டித்தான் வரும். பழைய எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 500 என்று இருந்தது. அதைப் பாதி நம்பினால்கூட, மணிக்கணக்காக கேம் ஓடும்போது அணைந்திருக்க வேண்டும்; ஒருநாளும் அணைந்ததில்லை. கரண்ட் போகிற அந்த நொடியில்தான் விழும். அதிலும் ஒரு விசித்திரம்: பகலில் போனால் பெரும்பாலும் தாங்கும், ராத்திரி போனால் கட்டாயம் விழும். அதே லோடு, அதே இன்வெர்ட்டர். ராத்திரிக்கும் பகலுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது?

தெரிகிறது. மல்டிமீட்டரை பிளக்கில் வைத்துப் பார்த்தேன். பகலில் 230-ஐ ஒட்டி, ராத்திரி எல்லா வீட்டிலும் கீசரும் மோட்டாரும் போட்டபிறகு 185. இந்த ஒரு எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது.

எஸ்பி ரோட்டில் மாடியில் ரிப்பேர் பார்க்கும் ஆற்காட்டுக்கார அண்ணன் ஒருவரிடம் பழைய டப்பாவைக் கொண்டுபோனேன். பின்பக்கம் சிவப்பாக 115/230 என்று தள்ளும் ஸ்விட்ச் இருப்பதைப் பார்த்ததுமே, “பிஎஃப்சி இல்லாத சரக்கு தம்பி இது” என்றார். பிஎஃப்சி என்றால் பவர் ஃபேக்டர் கரெக்‌ஷன், லைனின் அலைக்கு ஏற்றபடி கரண்டைச் சீராக இழுக்கவைக்கும் சர்க்யூட். திறந்தார். திறந்ததும் கையை வைக்கவில்லை. ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பின் வயர்கள் இரண்டையும் கெபாசிட்டர் முனைகளில் கொஞ்ச நேரம் பிடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்தபிறகுதான் உள்ளே விரலை விட்டார். (பிளக்கைப் பிடுங்கிவிட்டேனே என்று வீட்டில் யாரும் திறக்காதீர்கள். உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் காத்துக்கொண்டிருக்கலாம்.) 200 வோல்ட், 470 மைக்ரோ ஃபாரட் என்று எழுதிய இரண்டு கெபாசிட்டர், சீரீஸில். சீரீஸில் வந்தால் மொத்தம் 235தான்.

இப்போது கணக்கு. கரண்ட் போய் இன்வெர்ட்டர் கைகொடுக்கும் வரை மெஷின் உயிரோடு இருப்பது இந்தக் கெபாசிட்டரில் தேங்கியிருக்கும் சரக்கில்தான். எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிக்கும் அந்த நேரத்துக்கு ஹோல்டப் டைம் என்று பெயர். அது தீர்ந்தால் சாம்பல் நிற வயரில் போகும் பவர் குட் சிக்னல் விழும், போர்டு உடனே ரீசெட். பிஎஃப்சி இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸில் கெபாசிட்டர் வோல்டேஜ் என்பது லைன் வோல்டேஜை 1.414-ஆல் பெருக்கியது. 230 என்றால் 325. 185 என்றால் 262. தேங்கும் ஆற்றலோ வோல்டேஜின் வர்க்கத்தில் போகிறது. அதுவும் கடைசிச் சொட்டு வரை கிடைக்காது. ஒரு அளவுக்குக் கீழே கன்வெர்ட்டர் கைவிரித்துவிடும். அந்த அளவை 220 வோல்ட் என்று வைத்துக்கொண்டேன். பகலில் பயன்படக்கூடியது 6.7 ஜூல், ராத்திரி 2.4 ஜூல். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். 300 வாட் வெளியே கொடுக்க இந்தப் பழைய டப்பா உள்ளே 385-ஆவது இழுக்கும். அப்படியென்றால் பகலில் 17 மில்லி செகண்ட், ராத்திரி 6.

இன்வெர்ட்டர் மேனுவலில் யுபிஎஸ் மோடில் பேட்டரிக்கு மாறும் நேரம் 10 மில்லி செகண்ட் என்று போட்டிருக்கிறது. 17 தாங்கும், 6 தாங்காது. 1650 காலத்தில் லோடு குறைவு என்பதால் ராத்திரியிலும் பத்தை ஒட்டி வந்திருக்கும், எப்படியோ ஒப்பேற்றியிருக்கிறது. பேப்பரில் இந்த எண்களைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே, புது கார்டு வாங்கியபோதுகூட வரவில்லை.

ஆக வேண்டியது வாட்ஸ் அல்ல, ஹோல்டப். ஆக்டிவ் பிஎஃப்சி இருந்தால் முதல் தொல்லை தானாகத் தீர்ந்துவிடும்: லைனில் 230 வந்தாலும் 185 வந்தாலும் அது கெபாசிட்டரை 380-ஐ ஒட்டியே நிறுத்திவைக்கும். ராத்திரி, பகல் பேதம் கிடையாது. லேபிளில் 100-240 என்று இருந்தால் ஆக்டிவ் பிஎஃப்சி என்று நம்பலாம். 200-240 என்று மட்டும் இருந்தால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இரண்டாவது, கெபாசிட்டர் எவ்வளவு பெரியது. இதைத்தான் ஒருவனும் பெட்டியில் எழுதமாட்டேன் என்கிறான். ஆர்ஜிபி லைட் எத்தனை கலர் என்று எழுதுகிறான், இதை எழுதவில்லை. எஸ்எம்பிஎஸ்களுக்கான பொது விதியான ஏடிஎக்ஸ் ஸ்பெக்கும் நம் பக்கம் இல்லை. 3.0-ல் 17 மில்லி செகண்ட் கேட்டார்கள், 3.1-ல் முழு லோடுக்கு 12 போதும் என்று இறக்கிவிட்டார்கள். புது நம்பர், ஆனால் நம்மூர் கரண்டுக்கு அது ஒரு படி கீழே. கம்பெனிக்காரனுக்குச் சின்ன கெபாசிட்டர் வைத்தால் காசு மிச்சம்.

எஃபிஷியன்சிக்குத் தரும் 80 பிளஸ் ஸ்டிக்கரும் இதில் உதவாது. கோல்டு என்றால் 20, 50, 100 சதவீத லோடில் 87, 90, 87 சதவீத எஃபிஷியன்சி. பிரான்ஸ் (வெண்கலத் தரம்) என்றால் 82, 85, 82. அதுவும் 115 வோல்ட்டில், 23 டிகிரி அறையில் சோதித்தது. ஹோல்டப் பற்றியோ ரிப்பிள் (வெளிவரும் வோல்டேஜில் இருக்கும் சின்ன அலைவு) பற்றியோ அதில் ஒரு சொல் கிடையாது. 300 வாட் லோடில் இரண்டுக்கும் வித்தியாசம் 20 வாட். தினம் நாலு மணி நேரம் ஓட்டினால் வருஷத்துக்கு 29 யூனிட். அதற்காக மட்டும் கோல்டு வாங்குகிறவர்கள் பில்லை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்களைச் சோதித்துத் தரம் போடும் சைபெனெட்டிக்ஸ் ரிப்போர்ட்டில் ஹோல்டப்பை அளந்து போடுகிறார்கள். நீங்கள் பார்த்த மாடலுக்கு அது இருந்தால் வேலை சுலபம். ஆனால் அதே பெயரில், அதே பெட்டியில், வேறு பிளாட்ஃபார்ம் (உள் வடிவமைப்பு) வருவதும் உண்டு. பெட்டியில் போட்டிருக்கும் பெயர் ஒன்று, செய்தவன் வேறு ஒருவன் என்பது உங்களுக்கே தெரியும்.

அதனால் டார்ச் வைத்தியம். ஃபேன் கிரில் வழியாகவோ பின்பக்கத் தேன்கூட்டு ஓட்டை வழியாகவோ மொபைல் டார்ச்சை அடித்தால், பெரிய கெபாசிட்டரின் உறையில் எழுதியிருப்பது பெரும்பாலும் தெரியும். எழுத்து மறுபக்கம் திரும்பியிருந்தால் நம் தலைவிதி. சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்து, கடை கடையாக, டிஸ்ப்ளேயில் பிரித்து வைத்திருந்த பீஸ்களில் இந்த வேலையைப் பார்த்தேன். ஒரு கடையில் கிருஷ்ணகிரிப் பையன், “அண்ணா, உள்ள என்ன பல்லியா தேடுறீங்க?” என்றான். எண்ணைச் சொல்லச் சொன்னேன். அவனுக்கும் ஆர்வம் வந்து, ஸ்டூல் போட்டு மேல் ஷெல்ஃபில் இருந்ததையெல்லாம் இறக்கி டார்ச் அடிக்க ஆரம்பித்துவிட்டான். முதலாளி முறைத்துக்கொண்டே இருந்தார்.

கண்ணில் பட்டதில் இரண்டு பீஸ் முக்கியம். இரண்டும் 650 வாட், இரண்டும் கோல்டு, விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றில் 330 மைக்ரோ ஃபாரட், இன்னொன்றில் 470. இரண்டிலும் 400 வோல்ட், 105 டிகிரி. 380-ல் ஆரம்பித்து 300 வோல்ட் வரை பயன்படும், எஃபிஷியன்சி 90 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முழு 650 வாட்டில் 330 தருவது 12 மில்லி செகண்ட்டைச் சற்றுத் தாண்டி, 470 தருவது 17-ஐத் தாண்டி. ஸ்பெக் நம்பர்கள் எங்கிருந்து வருகின்றன என்று அங்கேயே புரிந்தது. என் 300 வாட்டுக்கு 27-ம் 38-ம். 750 போடச் சொன்னவர்கள் முழுக்கத் தப்பும் இல்லை: பெரிய எஸ்எம்பிஎஸ்ஸில் கெபாசிட்டரும் பெரிதாக இருக்கும், அதைச் சின்ன லோடில் ஓட்டினால் ஹோல்டப் நீளும். காரணத்தைத்தான் யாரும் சொல்லவில்லை.

470-ஐ எடுத்தேன். ஏழாயிரத்துக்குள் முடிந்தது. பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றார் முதலாளி. வேண்டவே வேண்டாம். ஏழு வருஷம், பத்து வருஷம் வாரண்டி என்று வாங்கிவிட்டு, சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் இல்லாமல் சர்வீஸ் சென்டர் வாசலில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: பிராண்டுக்குப் பெங்களூரிலேயே சர்வீஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூரியரில் அனுப்பி வரும்வரை மெஷின் தூங்கும்.

வீட்டுக்கு வந்ததும் மாட்டிவிடவில்லை. 24 பின் கனெக்டரில் பச்சையையும் கறுப்பையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து, ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கை லோடாக வைத்து மீட்டரில் பார்த்தேன். 12.08, 5.03, 3.33. ஐந்து சதவீதத்துக்குள், அதாவது பன்னிரண்டு வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே இருந்தால் சரி. ரிப்பிள் மீட்டரில் தெரியாது, அதற்கு ஆஸிலோஸ்கோப் வேண்டும். அந்த ஆசையை வீட்டில் சொன்னால் எனக்குச் சோறு கிடைக்காது.

பழைய மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிள் கையில் இருக்கிறது என்று புதியதில் சொருகாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின்அவுட் (எந்த முனையில் எந்த வயர் என்பது) பிராண்டுக்கு பிராண்டு வேறு. சொருகினால் கனகச்சிதமாகப் பொருந்தும், பிறகு எஸ்எஸ்டி போகும்.

மேலே சொன்ன சோதனை பாஸ் ஆனது இன்வெர்ட்டரின் யுபிஎஸ் மோடில். ஆனால் அந்த மோடில் வேறு தலைவலி: லைன் 180-க்குக் கீழே போனால் இன்வெர்ட்டர் உடனே பேட்டரிக்குத் தாவும், வோல்டேஜ் ஏறினால் திரும்பும். ராத்திரி பூரா டக், டக். வைட் மோடில் (குறைந்த வோல்டேஜையும் ஏற்கும் மோடு) போட்டால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் மாறும் நேரம் 40 மில்லி செகண்ட் வரை போகும் என்கிறது மேனுவல். அதிலும் எம்சிபியை இறக்கிப் பார்த்தேன். சும்மா டெஸ்க்டாப்பில் நிற்கும்போது தாங்கியது, ரெண்டரில் விழுந்தது. 38-க்கு 40. இரண்டு மில்லி செகண்ட்டில் தோற்றதற்கு எரிச்சல்படுவதா, கணக்கு இவ்வளவு சரியாக வந்ததற்குக் காலரைத் தூக்கிவிடுவதா என்று தெரியவில்லை. கிராஃபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 130 வாட்டுக்கு இறக்கினால் கணக்குப்படி 44 வருகிறது. அதை இன்னும் சோதிக்கவில்லை.

ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆக்டிவ் பிஎஃப்சி லைன் வோல்டேஜின் அலையைப் பார்த்துத்தான் கரண்டை இழுக்கும். படிக்கட்டு மாதிரி வரும் அலையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் குபீரென்று இழுக்கும். சில இன்வெர்ட்டர்கள் ஓவர்லோடு என்று கத்திவிட்டு அணையும். கம்மனஹள்ளி நண்பன் வீட்டில் அணையவில்லை, ஆனால் எஸ்எம்பிஎஸ் வண்டு மாதிரி ரீங்கரிக்கிறது. என்னுடையது சைன் வேவ், 900 விஏ, அதனால் பிழைத்தேன். நீங்கள் எஸ்எம்பிஎஸ் பார்க்கும் முன் இன்வெர்ட்டரின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு, மெஷின் தாங்குகிறது, ரூட்டர் விழுகிறது. அதன் அடாப்டரில் அந்தக் காலத்து எஸ்எம்பிஎஸ்ஸைவிடச் சின்ன கெபாசிட்டர் போல. ஆபீஸ் கால் பேசும்போது நடுவில் கட்டாகி, எல்லாரும் “மறுபடியும் கரண்ட்டா?” என்று கேட்கிறார்கள். அடாப்டரில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர், நடு முனை பாசிட்டிவ் என்று இருக்கிறது. அதற்குப் பொருந்தும் மினி யுபிஎஸ் ஒன்றை அந்தக் கிருஷ்ணகிரிப் பையனிடம் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். உள்ளே என்ன பேட்டரி போட்டிருக்கிறான் என்று டார்ச் அடித்துப் பார்க்க அதில் ஓட்டையே இல்லையாம்.