பாய்லர் பாவம், படுத்தியது பேஸ்ட்: கலிஃபோர்னியாவில் ஓர் உமிழ்வு அறிக்கை

கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில், தக்காளி பேஸ்ட் தயாரிக்கும் ஆலை ஒன்றில் இன்ஜினியராக இருக்கிறேன். எங்கள் ஆலையின் பசுமைக்குடில் வாயு அறிக்கையை முதல் கேஸ் பில்லிலிருந்து சரிபார்ப்புச் சான்று வரை கொண்டுபோய்ச் சேர்த்த கதை இது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் நம்மவர்களுக்கு உதவட்டுமே என்று எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் ஆளுநராக இருந்தபோது 2006இல் கையெழுத்திட்ட ஏபி 32 சட்டம், மாநிலத்தின் உமிழ்வை 2020க்குள் 1990 அளவுக்கு இறக்கச் சொன்னது. 2016லேயே இறக்கிவிட்டார்கள். அந்த 2016இல் வந்த எஸ்பி 32, 2030க்குள் 1990 அளவிலிருந்து இன்னும் 40 சதவீதம் குறை என்றது. 2022இல் வந்த ஏபி 1279 கேட்பது 2045க்குள் நிகர பூஜ்யம். இதையெல்லாம் நடத்துவது மாநிலக் காற்றுவள வாரியம். இங்கே எல்லோருக்கும் அது 'கார்ப்'.

ஆண்டுக்கு 10,000 டன் கார்பன் டை ஆக்சைடைத் தொட்டால் ஓர் ஆலை அறிக்கை தர வேண்டும். 25,000 டன்னைத் தொட்டால் உமிழ்வு வணிகத் திட்டத்துக்குள் வந்துவிடும். புகைபோக்கி வழியாகப் போகும் ஒவ்வொரு டன்னுக்கும் ஓர் அனுமதியை (ஒரு டன் வெளியிடும் உரிமை; வாங்கலாம், விற்கலாம்) அரசிடம் ஒப்படைக்க வேண்டும். கேஸ் பில்லில் அளவு தெர்ம் என்ற அலகில் இருக்கும்; ஒரு தெர்ம் எரிந்தால் சுமார் 5.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக 47 லட்சம் தெர்ம் எரித்தால் 25,000 டன். வருஷத்தில் சில மாதமே ஓடும் ஆலை எப்படி அவ்வளவு எரிக்கும் என்று கேட்கலாம். தக்காளியில் நூற்றுக்கு 94, 95 பங்கு தண்ணீர். அதில் பெரும்பகுதியை ஆவியாக்கித் துரத்தினால்தான் பேஸ்ட்.

கேஸ் கணக்கு எனக்குச் சிரமம் தரவில்லை. பன்னிரண்டு மாத பில், ஒரு எக்ஸெல் தாள், முடிந்தது. மீட்டர் கேஸ் கம்பெனியுடையது. அவர்களுக்கும் நமக்கும் ஒரே முதலாளி இல்லையென்றால், அந்த மீட்டரை நாம் அளவுதிருத்தம் செய்து காட்ட வேண்டியதில்லை. அவசர ஜெனரேட்டர், ஃபோர்க்லிஃப்ட் எல்லாம் கணக்கில் சேராது. ஏப்ரல் 10 கெடுவுக்கு முன்பே இணையத்தில் ஏற்றிவிட்டோம்.

உண்மையான வேலை பேஸ்ட் கணக்கில் இருந்தது. ஆலைகள் வேறு மாநிலத்துக்கு ஓடிப்போகாமல் இருக்க, தொழிற்சாலைகளுக்கு அனுமதிகளில் ஒரு பங்கை கார்ப் இலவசமாகத் தருகிறது. எவ்வளவு என்பது நாம் எத்தனை டன் பொருள் செய்தோம் என்பதைப் பொறுத்தது. உற்பத்தியைக் கூட்டிக் காட்டினால் கூடுதல் அனுமதி கிடைத்துவிடுமே! அதனால்தான் அறிக்கையைச் சரிபார்க்கும் வெளி நிறுவனத்தினர் புகைக் கணக்கைப் போலவே சரக்குக் கணக்கையும் தனியாகத் தோண்டுகிறார்கள். இரண்டிலும் பிழை 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

டன் என்று சொல்வது எளிது. எங்கள் பேஸ்ட் ஒரே கெட்டியில் வருவதில்லை. வாங்குபவர் கேட்பதற்கேற்ப மாறும். கெட்டி பேஸ்ட்டும் இளகிய பேஸ்ட்டும் தராசில் ஒரே எடை காட்டலாம், ஆனால் உள்ளே இருக்கும் தக்காளி வேறு. எனவே லேபில் அளந்த திடப்பொருள் சதவீதத்தை ஒவ்வொரு லாட்டோடும் பொருத்த வேண்டும். கிடங்குக்காரர்களின் பட்டியலும் லேபின் பட்டியலும் வேறு வேறு மென்பொருளில், வேறு வேறு லாட் எண் பாணியில் இருந்தன. போன சீசன் டிரம்மைத் திறந்து சாஸுக்குப் பயன்படுத்தியது, தரம் குறைந்து திருப்பி ஊற்றியது என்று எல்லாவற்றையும் பிரித்து, எதுவும் இரண்டு முறை எண்ணப்படவில்லை என்று காட்ட வேண்டியிருந்தது. கிடங்கில் இருபது வருஷமாக வேலை பார்க்கும் மெக்சிகோக்காரர் ஒருவர், டிரம் ஸ்டிக்கரைப் பார்த்தே எந்த வாரச் சரக்கு என்று சொல்லிவிடுவார். அவரைத்தான் நான் முதலில் பிடித்திருக்க வேண்டும் என்று மேனேஜரிடமும் சொன்னேன்.

சரிபார்க்கும் நிறுவனம் கார்பின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும், கட்டணம் நம்முடையது. ஆலையைப் பார்க்க வந்த அம்மணி இனிமையாகப் பேசுவார், ஆனால் விட மாட்டார். பாய்லரின் பெயர்ப்பலகையைப் படித்தார், கேஸ் குழாய் எங்கெங்கே போகிறது என்று நடந்தே பார்த்தார், பிறகு லேப் நோட்டைக் கேட்டார். கேள்விகளை ஒரு பட்டியலாக அனுப்புவார். திருத்தக்கூடிய பிழையென்றால் அறிக்கையையே திருத்தி மறுபடி ஏற்ற வேண்டும். "சின்னதுதானே" என்று விட்டுவிட முடியாது.

சரிபார்ப்புக்குக் கெடு ஆகஸ்ட் 10. ஜூலையில் லாரி லாரியாகத் தக்காளி இறங்கத் தொடங்கிவிடும். அப்போது லேபில் யாரிடமும் நின்று பேச முடியாது. இந்தத் தேதியை வைத்தவர் தக்காளி ஆலைக்குள் கால் வைத்ததே இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. அதனால் உங்களுக்குச் சொல்வது: பாய்லர் குளிர்ந்து கிடந்தாலும் பரவாயில்லை, ஆலையைப் பார்ப்பதை மே மாதத்திலேயே வைத்துவிடுங்கள். நாங்கள் அப்படிச் செய்ததால்தான் குறிப்பு எதுவும் ஒட்டாத சான்று கெடுவுக்குள் கிடைத்தது.

அடுத்தது நவம்பர் 1, அனுமதிகளை ஒப்படைக்கும் நாள். தவறினால் குறைகிற ஒவ்வோர் அனுமதிக்கும் நான்கு அனுமதிகள் கட்ட வேண்டும். அது கணக்குப் பிரிவின் தலைவலி. என்னுடையது வேறு: ஒரே சரிபார்ப்பு நிறுவனத்தைத் தொடர்ந்து ஆறு ஆண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, எங்கள் அம்மணியின் நிறுவனத்துக்கு இது ஆறாவது ஆண்டு. புது நிறுவனத்துக்கு இப்போதிருந்தே விலைப்புள்ளி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.