கருஞ்சிறுத்தைக்குத் தனி ரேட்டு: மசினகுடி, தெப்பக்காடு, கோத்தகிரி

மசினகுடியில் ஜீப்புக்கு மூவாயிரம் கேட்டார்கள். "கருஞ்சிறுத்தை தனி ஜாதிங்க சார். ராத்திரி வேட்டைக்குன்னே உடம்பைக் கறுப்பாக்கிக்கிச்சு. அது நடமாடுற பக்கம்னா ரேட்டு வேறங்க" என்று விளக்கம் வேறு. தனியார் ஜீப் காப்புக்காட்டுக்குள் நுழையவே முடியாது, பொதுச் சாலையில்தான் சுற்றும். அதற்கு மூவாயிரம் சுத்தத் தண்டம். காட்டுக்குள் போக தெப்பக்காட்டு வனத்துறை வண்டிதான் வழி. டிக்கெட் கவுண்டர் திறக்கும் முன்பே போய் வரிசையில் நின்றுவிடுங்கள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கும் மினி பஸ்ஸில் 36 கொண்டை ஊசி வளைவு. வயிற்றைப் புரட்டும் என்றால் முன் சீட்டைப் பிடியுங்கள். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் தொல்லையும் கிடையாது.

பணத்தைவிட அந்த விளக்கம்தான் எரிச்சல். "தேவைப்பட்டது, அதனால் வந்தது" என்ற இந்தப் பேச்சை நீலகிரி முழுக்கக் கேட்கலாம். சிறுத்தை, யானை, ஆடு, குருவி என்று எதற்கும் இது பொருந்தாது. எந்த விலங்கும் வேண்டும் என்று நினைத்து ஒரு பண்பை வரவழைத்துக்கொள்வதில்லை. மரபணுவில் மாற்றம் தற்செயலாக வருகிறது. எது தங்கும், எது அழியும் என்பதைத்தான் பிறகு காடு தீர்மானிக்கிறது.

கருஞ்சிறுத்தை தனி இனமே அல்ல. நம் புள்ளிச் சிறுத்தைதான். ஏஎஸ்ஐபி என்றொரு மரபணு இருக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்தால், ரோமத்தில் கருநிறமி சேர்வதைத் தடுத்து மஞ்சள் நிறமிக்கு வழி விடும். கருஞ்சிறுத்தையில் இந்த மரபணு உடைந்துபோயிருப்பது 2012இல் கண்டறியப்பட்டது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு நகலும் உடைந்திருந்தால்தான் குட்டி கறுப்பு. ஒன்று நன்றாக இருந்தாலும் மஞ்சள்தான். இதைத்தான் ஒடுங்கு பண்பு என்கிறோம். தென்னமெரிக்க ஜாகுவாரிலும் கறுப்பு உண்டு, ஆனால் அங்கே மாறியது எம்சி1ஆர் என்ற வேறு மரபணு. அது ஓங்கு பண்பு, ஒரு நகலே போதும். ஒரே கறுப்பு, இரண்டு வேறு பாதைகள்!

கணக்கைப் பாருங்கள். ஒரு காட்டில் நூறு சிறுத்தையில் 4 கறுப்பு என்று வைத்துக்கொள்வோம். 0.04க்கு வர்க்கமூலம் 0.2. ஒரு நகல் மட்டும் உடைந்தவை 2 × 0.2 × 0.8, அதாவது நூற்றுக்கு 32. கறுப்பாகத் தெரிவது நான்கு, கறுப்பை உள்ளே சுமந்துகொண்டு மஞ்சளாகத் திரிவது முப்பத்திரண்டு. கறுப்பு நிறம் உயிருக்கே கேடு என்று வைத்துக்கொண்டாலும் இயற்கைத் தேர்வால் இதை வேரோடு பிடுங்க முடியாது. உடைந்த நகல்களில் ஐந்தில் நான்கு பங்கு அதன் கண்ணுக்கே படாமல் ஒளிந்திருக்கிறது. சுமக்கும் இரண்டு மஞ்சள் சிறுத்தைகள் சேர்ந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் கறுப்பாகும் வாய்ப்பு நான்கில் ஒன்று. "நாலு குட்டி போட்டால் ஒன்று கறுப்பு" என்று இதற்கு அர்த்தமில்லை. ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியாகக் காசு சுண்டுவது போலத்தான். தாயும் தந்தையும் கறுப்பு என்றால் குட்டிகள் அத்தனையும் கறுப்பு.

கறுப்பால் லாபமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மலேசியத் தீபகற்பத்தின் அடர்ந்த காடுகளில் கிட்டத்தட்ட எல்லாச் சிறுத்தையும் கறுப்புதான். வெயில் தரையில் விழாத காட்டில் இந்த நிறம் அதிகம் தங்குகிறது. குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்ட ஓரங்களில் யாராவது போனில் எடுத்த படம் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள். சாய்ந்த காலை வெயிலில் கறுப்புக்கு உள்ளேயே பூப்போட்ட புள்ளிகள் தெரியும், கறுப்புப் பட்டில் கறுப்பு நூலால் நெய்த மாதிரி. அகச்சிவப்புக் கேமராவில் இன்னும் பளிச்சென்று இருக்கும். தனி ஜாதி இல்லை என்பதற்கு அந்தப் படமே போதும்.

தெப்பக்காடு யானை முகாமில் உணவு கொடுக்கும் நேரத்துக்குப் போங்கள். அங்கே கேட்கும் கதை: "வேட்டைக்குப் பயந்து யானை தந்தத்தை விட்டுடுச்சு." மக்னாவைப் பற்றிய பேச்சு இது. தந்தமில்லாத ஆண் யானைதான் மக்னா. பெண் யானையோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க முதுகைப் பாருங்கள். ஆணுக்கு முதுகு வளைந்து பின்னால் சரியும், பெண்ணுக்குப் பெட்டி மாதிரி கோணமாக இறங்கும். பெண்ணுக்கு முன்னங்கால்களுக்கு நடுவே மடி தெரியும். மக்னாவுக்கு நெற்றியும் தும்பிக்கையின் அடியும் தடித்திருக்கும்.

யானை பயந்ததால் மரபணு மாறாது. கொம்பன்களைச் சுட்டுக்கொண்டே இருந்தால் அவை குட்டி ஈனச் செய்யும் முன்பே போய்விடும், மக்னா மிஞ்சும். பெரியார் காட்டில் தந்த வேட்டை உச்சத்தில் இருந்தபோது நூறு பெண் யானைக்கு ஒரு ஆண் என்ற நிலைவரை போனது. ஆனால் ஆசிய யானையில் பெண்ணுக்குத் தந்தம் இல்லை. தந்தத்துக்கான மரபணுவை அவள் சுமந்தாலும் வேட்டைக்காரன் கண்ணில் படமாட்டாள். அதனால் ஆண்களை மட்டும் கொல்வது அந்த மரபணுவைப் பாதி வழியில்தான் தடுக்கும். ஆப்பிரிக்காவில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. மொசாம்பிக்கின் கொரொங்கோசாவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காக யானைகளைக் கொன்று குவித்ததில், தந்தமில்லாத பெண் யானைகள் 18.5 சதவீதத்திலிருந்து 50.9 சதவீதமாக ஏறின. அந்தப் பண்பு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆண் கருவுக்கு அது ஆபத்து. அந்தக் கணக்கை அப்படியே மக்னா மேல் ஏற்றிப் பேசுவது தப்பு. மக்னா ஜோடி கிடைக்காமல் அவதிப்படுகிறது என்பதும் கதைதான். ஆண்களுக்குள் போட்டியில் தந்தத்தைவிட மதமும் உடல் பருமனும்தான் ஜெயிக்கின்றன என்று காசிரங்காவில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் ஒழுகும் மக்னாவுக்கு, மதமில்லாத கொம்பன் ஒதுங்கி வழி விடும்.

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் சாண்டிநல்லா. நீலகிரிச் செம்மறி ஆட்டுக்கான ஆராய்ச்சி நிலையம் இங்கேதான். உள்ளே போக வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். நாட்டு ஆட்டோடு டாஸ்மேனியன் மெரினோ, செவியட், சவுத் டவுன் ரத்தம் கலந்து இந்த மலையில் உருவான இனம் அது.

இந்த மலையில் ஆட்டுக்குப் பெரிய எமன் ஹீமான்கஸ் என்ற இரைப்பைப் புழு. ஒரு புழு ஒரு நாளைக்கு சுமார் 0.05 மில்லி ரத்தம் குடிக்கும், பெண் புழு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆட்டின் கீழ் இமையைப் பிதுக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் சரி, வெளிறியிருந்தால் புழு உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. தாடைக்கடியில் நீர் கோத்த வீக்கம் வந்துவிட்டால் நிலைமை முற்றிவிட்டது. முட்டையை எண்ண 3 கிராம் புழுக்கையை 42 மில்லி நிறைவுற்ற உப்புக் கரைசலில் கரைத்து வடிகட்டுங்கள். முட்டை எண்ணுவதற்கென்றே கட்டம் போட்ட மெக்மாஸ்டர் ஸ்லைடின் இரண்டு அறையிலும் நுண்ணோக்கியில் எண்ணி 50ஆல் பெருக்குங்கள். ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று வந்துவிடும். முட்டை குறைவாகவே வரும் ஆடுகளின் குட்டிகளை இனத்துக்கு வைத்துக்கொண்டே போனால் புழுவைத் தாங்கும் மந்தை உருவாகும்.

"புழு மருந்துக்குப் பழகிடுச்சு" என்பதும் அதே பழைய தப்பு. ஆல்பெண்டசோல் என்ற புழு மருந்து, புழுவின் உடலிலுள்ள டியூபுலின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டு கொல்கிறது. அந்தப் புரதத்தின் 200ஆவது இடத்தில் ஃபீனைல்அலனினுக்குப் பதிலாக டைரோசின் இருக்கும் புழுவில் மருந்து ஒட்டாது. அப்படிப்பட்ட புழு மருந்து வருவதற்கு முன்பே அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்ததுதான். மற்றதையெல்லாம் மருந்து கொன்று அதற்கு இடம் காலி செய்து கொடுக்கிறது. எடையைக் கண்ணால் மதிப்பிட்டு மருந்தைக் குறைத்து ஊற்றினால் பாதித் தாங்குபவையும் பிழைக்கும். மந்தை முழுக்க மருந்து கொடுத்து அன்றே புது மேய்ச்சலுக்கு ஓட்டினால், அந்தப் புல்லில் விழுவது தாங்கும் புழுவின் முட்டை மட்டுமே. ஆகவே இமை வெளிறிய ஆட்டுக்கு மட்டும் கொடுங்கள். மருந்துக்குச் சாகக்கூடிய புழுக்களும் கொஞ்சம் உயிரோடு இருக்கட்டும். கொடுத்த அன்று எண்ணி, 10 முதல் 14 நாளில் மறுபடி எண்ணி, குறைவு 95 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்த மருந்தை நிறுத்திவிடுங்கள்.

கோத்தகிரியில் ஒரு சின்ன மெஸ்ஸில் ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் கிடைத்தது. படகர் வீட்டு மசாலாவின் மணம்! ஊட்டியில் டூரிஸ்ட் ஓட்டலில் கொடுத்த காசில் பாதி, ருசியோ இரண்டு மடங்கு. சாக்லேட்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் இரண்டு வேளை இங்கே சாப்பிடலாம்.

விடிந்ததும் லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர், 2024இல் ராம்சர் தளமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம். மழைக்காலமென்றால் அட்டைக்கு உப்புப் பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். பாதையோர இருட்டில் தரையை ஒட்டி உட்காரும் சோலைக்கிளிக்காக (பெயரில்தான் கிளி, ஆள் சின்னக் குருவி) அசையாமல் நிற்க வேண்டும். நீலகிரியில் இருப்பதற்கு விலாப்புறம் செம்மண் நிறம். பழனி மலையில் இருப்பதற்கு விலா நீலச்சாம்பல், கண்ணுக்கு மேல் வெள்ளைக் கீற்று பளிச்சென்று இருக்கும். சிரிப்பான் குருவியும் அப்படியே: இங்கே நெஞ்சு செம்பழுப்பு, அங்கே சாம்பல். நடுவே சுமார் 30 கி.மீ. அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய், வெக்கையான தாழ்நிலம். குளிர்ச் சோலையை விட்டு இறங்காத குருவி அதைத் தாண்டாது. இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கலந்து, பல லட்சம் ஆண்டுகளில் மரபணு விலகிப்போனது. விலாவின் செம்மண் நிறத்தால் நீலகிரியில் ஏதோ லாபம் இருந்தே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. சிறு கூட்டத்தில் தற்செயலாக நிலைத்துப்போனதாகவும் இருக்கலாம், அதற்கு மரபியல் நகர்வு என்று பெயர். 2017இல் சோலைக்கிளிகளுக்குத் தனிப் பேரினமாகச் சோலிகோலா என்று பெயர் வைத்தார்கள். நம் 'சோலை' அந்த அறிவியல் பெயருக்குள் இருக்கிறது.

கொடைக்கானல் போகிறவர்கள் படகுச் சவாரியை விட்டுவிட்டு, ஆறரை மணிக்குள் ஏதாவது ஒரு சோலை விளிம்பில் போய் நில்லுங்கள். சோலைக்கிளி தென்பட்டால் நெஞ்சைப் பார்க்காதீர்கள், விலாவைப் பாருங்கள்.