குத்த இடமில்லாத கை

இடது மார்பை எடுத்தபோது அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். அந்தக் கையில் இனி ஊசி வேண்டாம், பிரஷரும் பார்க்க வேண்டாம் என்றார்கள். மிச்சம் வலது கை. கீமோ ஏற்றி ஏற்றி அதன் நரம்புகளும் கயிறாக இறுகிவிட்டன. புற்றுநோய் எலும்புக்கு இறங்கி முதுகுவலி தாங்க முடியாமல் போனபோது, மாதம் ஒருமுறை எலும்புக்கான சோலெட்ரோனிக் அசிட் மருந்தை ஏற்றச் சொன்னார்கள். 4 மில்லிகிராம், 15 நிமிட வேலை. மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சின்னக் குழாய், கனூலா, அதைப் போடத்தான் முக்கால் மணி நேரம். ஒரு நாள் ஐந்தாவது குத்தும் பிழைத்தபோது குத்திய தாதி மிஸ்ஸிக்கே கண் கலங்கிவிட்டது. "உங்களுக்கு நெஞ்சுத் தோலுக்குள்ள, மருந்து ஏத்துற போர்ட் வைக்கிறதுதான் நல்லம் அக்கா."

கை நரம்பு வழியே வைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளக் குழாயான பிக் லைனைப் பற்றியும் டாக்டர் சொன்னார். கிழமைக்கு ஒருமுறை கட்டு மாற்ற வேண்டுமாம், நனையவும் கூடாதாம். களுவாஞ்சிகுடியிலிருந்து ஒவ்வொரு கிழமையும் மட்டக்களப்புக்கு பஸ் ஏறுவதா? அதுவும் கிணற்றில் அள்ளிக் குளித்துப் பழகியவள். போர்ட்டுக்கே தலையாட்டினேன்.

விறைக்க ஊசி போட்டு, வலது காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் வைத்தார்கள். ஒரு சின்னக் குமிழ்; அதிலிருந்து மெல்லிய குழாய் பெரிய நரம்பு வழியே இதயத்துக்குக் கிட்டப் போகிறது. வலிக்கவில்லை, யாரோ உள்ளே தள்ளுவது மட்டும் தெரிந்தது. பிறகு ஒரு எக்ஸ்ரே.

மருந்து ஏற்றுமுன் போர்ட்டிலிருந்து இரத்தம் இழுத்துப் பார்ப்பார்கள். ஒரு மாதம் வரவேயில்லை. கையைத் தூக்கச் சொன்னார்கள், தலையைத் திருப்பச் சொன்னார்கள், இருமச் சொன்னார்கள். மூன்றாவது இருமலில் வந்தது. பக்கத்துக் கட்டில் அம்மா கை தட்டினார்!

ஒருமுறை நடுக்கத்தோடு காய்ச்சல். போர்ட் உள்ளவர் இதற்குப் பனடோல் போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது, கிருமி உள்ளே போயிருக்கலாம். கிட்ட இருந்த ஓரிடத்துக்கு ஓடினால், சாதாரண ஊசியோடு நெஞ்சுக்கு வந்தார்கள். கையைப் பிடித்து நிறுத்தினேன். போர்ட்டுக்கு அதற்கென்றே உள்ள ஹூபர் ஊசிதான். மற்றது அதன் மூடியைப் பழுதாக்கிவிடும். அவர்களுக்கு அது தெரியவில்லை. நல்லவேளை, எனக்குத் தெரிந்திருந்தது.

இப்போது மருந்து மூன்று மாதத்துக்கு ஒருக்காத்தான். ஆனாலும் அடைக்காமலிருக்க மாதாமாதம் போய்ப் போர்ட்டைக் கழுவ வேண்டும். முன்னால் கொக்கி வைத்த சட்டை இரண்டு தைத்துவிட்டேன். கைப்பைதான் பிரச்சினை. இடது கைக்குப் பாரம் ஆகாது, வலது தோளில் போட்டால் வார் போர்ட்டில் உரசும். மகள் தூக்கிக்கொண்டு வருகிறாள், முணுமுணுத்தபடி.